விலை குறைந்த பிளாங்கோ டெக்கீலாவை மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிதானமாகச் சுவைத்து அருந்தவும் காக்டெய்லில் கலக்கவும் ஒரே புட்டி போதுமா, அந்தப் புட்டி மலிவானதாகவும் இருக்க முடியுமா என்பதே டெக்கீலாவை அறியத் தொடங்குகிறவர்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் ஐயம். முடியும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் விலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், தயாரிப்பின் எந்தக் கட்டத்தில் செலவைக் குறைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தவை.

பிளாங்கோ என்பது எது? ‘விலை குறைந்தது’ என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

வடித்தவுடனோ, இரண்டு மாதங்களுக்கு மேற்படாத இடைவெளியிலோ புட்டியில் அடைக்கப்படும் நிறமற்ற டெக்கீலாவே பிளாங்கோ. சில புட்டிகளில் இதுவே ‘பிளாட்டா’ என்று அச்சிடப்பட்டிருக்கும்; வகை ஒன்றுதான். ஓக் மரக் கலத்தில் குறைந்தது இரண்டு மாதங்கள் இருந்தால் ரெப்போசாடோ, ஓராண்டு இருந்தால் அன்யெஹோ, மூன்றாண்டு இருந்தால் எக்ஸ்ட்ரா அன்யெஹோ என்று அடுத்தடுத்த வகைகள் வருகின்றன.

விலையைப் பொறுத்தவரை, அமெரிக்கச் சந்தையில் 750 மி.லி. புட்டி ஏறக்குறைய 20 முதல் 30 டாலருக்குள் கிடைக்கும் பிளாங்கோக்களையே இங்கே கருத்தில் கொண்டிருக்கிறேன். மெக்சிகோவின் டெக்கீலா நகரிலேயே தயாராகும் ‘அரெட்டே’ பிளாங்கோவை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறேன்.

முதிர்ந்த வகைகளை விட்டுவிட்டு, பிளாங்கோவை வைத்து ஏன் மதிப்பிட வேண்டும்?

பீப்பாய் பல குறைகளை மறைக்கும். ஓக் மரம் தரும் வனிலா மணமும் கேரமல் நிறமும் மென்மையும், அடியில் இருக்கும் சாராயம் வெறுமையாக இருந்தாலும் அதை நிறைவுள்ளதாகக் காட்டிவிடும். பிளாங்கோவுக்கு அந்தத் துணை இல்லை. டெக்கீலாவின் மூலப்பொருளான அகாவே என்னும் செடி முற்றியதா, அது எப்படி வேகவைக்கப்பட்டது, நொதித்தல் சுத்தமாக நடந்ததா, வடிக்கும்போது முதலில் வரும் தலைப்பகுதியும் கடைசியில் வரும் வால்பகுதியும் சரியாகக் கழிக்கப்பட்டனவா என்பவை அனைத்தும் நாவில் நேரடியாகத் தெரியும். ஒரு தயாரிப்பாளரைப் பற்றி அறிய வேண்டுமானால் அவருடைய பிளாங்கோவை முதலில் அருந்துங்கள் என்று அனுபவமுள்ள சுவைஞர்கள் சொல்வதன் காரணம் இதுவே. பீப்பாய்ச் செலவும் காத்திருக்கும் செலவும் இல்லாததால், குறைந்த விலையில் நேர்மையான தரம் கிடைக்க வாய்ப்புள்ள வகையும் பிளாங்கோதான்.

வாங்கும் முன் புட்டியின் சீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ‘100% அகாவே’ என்ற சொற்கள். அவை இல்லையென்றால் அந்தப் புட்டி மிக்ஸ்டோ வகை என்று கொள்ளலாம். அதாவது, நொதிக்கவைக்கப்பட்ட சர்க்கரையில் குறைந்தது 51 விழுக்காடு மட்டுமே நீல அகாவேயிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது விதி. எஞ்சிய 49 விழுக்காடு வரை கரும்பு போன்ற பிற மூலங்களிலிருந்து வரலாம். ‘மிக்ஸ்டோ’ என்ற சொல்லை எந்த நிறுவனமும் சீட்டில் அச்சிடுவதில்லை. ‘டெக்கீலா’ என்று மட்டும் இருக்கும். பொன்னிறத்தில் ‘கோல்டு’ அல்லது ‘ஓரோ’ என்று விற்கப்படும் மலிவான புட்டிகளில் பல, நிறம் சேர்க்கப்பட்ட மிக்ஸ்டோக்களே. அந்த நிறத்தை முதிர்ச்சியின் அடையாளமாக நம்பிவிடக் கூடாது.

இரண்டாவது, ‘நோம்’ (NOM) என்ற எழுத்துகளோடு வரும் நான்கிலக்க எண். இது அந்த மதுவைத் தயாரித்தவர் யார் என்பதைக் காட்டுகிறது. ஒரே எண்ணின் கீழ்ப் பல வணிகப் பெயர்கள் வெளிவருவது இத்தொழிலில் வழக்கம் என்பதால், விலையில் பெரிய வேறுபாடுள்ள இரண்டு புட்டிகள் ஒரே ஆலையின் பிள்ளைகளாக இருப்பதும் உண்டு. அரெட்டேயின் எண் 1109.

மூன்றாவது, சாராய அளவு. மெக்சிகோவின் தரவிதி 35 முதல் 55 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. மெக்சிகோவில் விற்பனையாகும் புட்டிகளில் 35, 38 ஆகியவை மிகுதி. அமெரிக்காவுக்குச் செல்பவை குறைந்தது 40. காக்டெய்லுக்கு வாங்குவதானால் 40க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. பனிக்கட்டியும் சாறும் சேர்ந்தபின் 35 விழுக்காட்டு டெக்கீலா இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

புட்டியின் வடிவம், மூடியின் கனம், உரிமையாளரின் புகழ் ஆகியவை எதையும் சொல்வதில்லை.

விலையைக் குறைக்க எந்தக் கட்டத்தில் செலவைச் சுருக்குகிறார்கள்? எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது?

இதுவே இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீல அகாவே முற்றுவதற்கு ஏறத்தாழ 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். ‘ஹிமதோர்’ எனப்படும் அறுவடைக்காரர் ‘கோவா’ என்னும் நீண்ட கைப்பிடியுள்ள வட்டக் கத்தியால் இலைகளைச் செதுக்கி நீக்க, எஞ்சும் பருத்த நடுப்பகுதிக்கு ‘பின்யா’ என்று பெயர். அதில் இருப்பது நேரடியாக நொதிக்கக்கூடிய சர்க்கரை இல்லை. இனுலின் என்னும் நீண்ட சங்கிலி மாவுச்சத்து போன்ற பொருள். வெப்பம் பட்டு அது ஃப்ரக்டோஸாக உடையும்போதுதான் நொதிப்பதற்கான இனிப்பும், டெக்கீலாவுக்கே உரிய வெந்த அகாவே மணமும் பிறக்கின்றன. ஆகவே வேகவைக்கும் முறை சுவையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

செங்கல் அடுப்பில் நீராவியால் ஒன்று முதல் மூன்று நாள் வரை மெல்ல வேகவைப்பது பழைய முறை. ஆட்டோகிளேவ் என்னும் பெரிய எஃகு அழுத்தக் கலத்தில் அதே வேலை அரை நாளுக்குள் முடிந்துவிடுகிறது. மூன்றாவது முறை டிஃப்யூசர்: பச்சை அகாவேயைத் துருவி, சூடான நீரைப் பாய்ச்சி அதன் சத்தை முழுவதுமாகக் கழுவி எடுத்து, பின்னர் அந்தச் சாற்றை, பெரும்பாலும் அமிலத்தின் துணையோடு, சூடாக்கிச் சர்க்கரையாக மாற்றுவது. விளைச்சலில் ஒரு துளியும் வீணாகாது என்பதாலும் முற்றாத அகாவேயைக்கூடப் பயன்படுத்த முடியும் என்பதாலும் இது மலிவு. ஆனால் நார்ப்பகுதியோடு சேர்ந்து வேகும்போது உண்டாகும் ஆழமான மணம் இதில் உருவாவதில்லை. முடிவில் கிடைப்பது பெரும்பாலும் மிளகு வாசம் தடவிய வோட்கா போன்ற ஒன்று.

என் தீர்ப்பு இதுதான். ஆட்டோகிளேவ் வழியாகச் செலவைக் குறைப்பதை முழு மனதோடு ஏற்கலாம். பொறுமையாக இயக்கப்பட்டால் அதிலிருந்து சிறந்த டெக்கீலா வரும். பின்யாவைப் பிழிய ‘தஹோனா’ என்னும் கல்லுருளைக்கு மாற்றாக உருளை ஆலையைப் பயன்படுத்துவதையும், எளிய புட்டியையும், விளம்பரச் செலவு இல்லாமையையும் அப்படியே ஏற்கலாம். வேறு சர்க்கரை கலந்து விலையைக் குறைப்பதும், டிஃப்யூசரால் சுவையை இழந்துவிட்டு இனிப்பூட்டிகளால் ஈடுகட்டுவதும் ஏற்கத்தக்கவை ஆகா.

இன்னொரு காரணியும் உண்டு. ஒரு லிட்டர் 100% அகாவே டெக்கீலாவுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 கிலோ அகாவே தேவை. அகாவேயின் விலையோ நடுவதற்கும் அறுப்பதற்கும் இடையேயுள்ள நீண்ட காலத்தால் கடுமையாக ஏறி இறங்குவது. 2018ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிலோ 25 பெசோவுக்கு மேல் போன விலை, 2024இல் 10 பெசோவுக்கும் கீழே சரிந்து, உழவர்களைப் பெரும் துன்பத்தில் ஆழ்த்தியது. விலை உச்சத்தில் இருந்த காலத்தில் முற்றாத செடிகளை அறுக்கும் ஆசை ஆலைகளுக்கு மிகுதியாக இருந்தது. சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் குடும்ப ஆலைகளே இந்த ஏற்ற இறக்கத்தில் சுவையையும் விலையையும் ஓரளவு நிலையாக வைத்திருக்க முடிகிறது.

சேர்க்கைப் பொருள்கள் பற்றிய பேச்சு உண்மையா?

உண்மை. கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகிய நான்கும் டெக்கீலாவை மென்மைப்படுத்துவதற்குத் தரவிதி பெயர் சொல்லிக் குறிப்பிடுபவை. மொத்தம் 1 விழுக்காட்டுக்குள் இருந்தால் சீட்டில் அறிவிக்கத் தேவையில்லை. முதிர்ந்த வகைகளில்தான் இவற்றின் பயன்பாடு அதிகம் என்றாலும், பிளாங்கோவிலும் இத்தகைய இனிமை உணரப்படுவதாகச் சுவைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பீப்பாயையே காணாத மது கேக் மேல் பூசும் வனிலாப் பசைபோல் மணந்தால், அந்த மணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமே. நாவில் ஒட்டும் வழுவழுப்பும், விழுங்கிய பின் நெடுநேரம் தங்கும் செயற்கை இனிப்பும் அடுத்த அறிகுறிகள். இலேசான வனிலாச் சாயல் மட்டும் இருந்தால் உடனே குற்றம் சாட்டிவிட வேண்டாம். நன்கு வெந்த அகாவேயிலும் அத்தகைய இனிய மணம் சிறிது இருக்கும்.

வீட்டில் எப்படிச் சுவைத்துப் பார்ப்பது?

வாய் குறுகிய, வயிறு அகன்ற சிறு கண்ணாடிக் கோப்பையில் 30 மி.லி. ஊற்றிக்கொள்ளுங்கள். ஒயின் கோப்பையும் போதும். 2000களின் தொடக்கத்தில் ரீடல் நிறுவனம் டெக்கீலா ஒழுங்குமுறை மன்றத்தோடு சேர்ந்து தனிக் கோப்பையே வடிவமைத்தது. அது இருந்தால் நல்லது, இல்லாததால் எதுவும் கெட்டுவிடாது. தவிர்க்க வேண்டியது குறுகிய உயரமான ‘ஷாட்’ கோப்பையை மட்டுமே. அதில் மணம் சேர இடமில்லை.

குளிர்விக்காமல், அறை வெப்பத்தில், பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு வாயைச் சற்றுத் திறந்தபடி கோப்பையை மூக்கின் கீழே கொண்டுவாருங்கள். மூக்கை உள்ளே நுழைத்தால் சாராய நெடியே முதலில் தாக்கி மற்றவற்றை மறைத்துவிடும். முதல் சிறு மிடற்றை வாயைப் பழக்கப்படுத்துவதற்காக மட்டும் அருந்துங்கள். அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இரண்டாம் மிடற்றை நாவின் மேல் சில நொடிகள் பரவவிட்டு விழுங்கி, மூச்சை மூக்கு வழியாக வெளிவிடுங்கள். நல்ல பிளாங்கோ தன்னை வெளிப்படுத்துவது அந்த மூச்சில்தான்.

முதலில் தேட வேண்டியது வெந்த அகாவேயின் மணம். அதை அறியாதவர்களுக்குச் சொல்வதானால், சாம்பலில் சுட்டெடுத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கின் தோலை உரிக்கும்போது எழும் மணத்துக்கு அது நெருக்கமானது. அதன் மேல் மிளகின் காரம், எலுமிச்சைத் தோலின் எண்ணெய் மணம், பச்சைப் புல் அல்லது மூலிகையின் வாடை, ஈர மண் அல்லது உப்பு நீரை நினைவூட்டும் ஏதோ ஒன்று ஆகியவை வந்தால் மகிழலாம். காரம் நாவின் முன்பகுதியிலும் ஓரங்களிலும் படர்ந்தால் அது அகாவேயின் காரம். தொண்டையை மட்டும் சுட்டால் அது வெறும் சாராயம். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால் தலைப்பகுதி சரியாகக் கழிக்கப்படவில்லை என்று ஐயப்படலாம்.

எளிய சோதனைகள் இன்னும் இரண்டு உண்டு. சில துளிகளை உள்ளங்கையில் தேய்த்துச் சாராயம் பறந்தபின் முகர்ந்தால், எஞ்சும் மணம் அகாவேயா, ஒன்றுமில்லையா என்பது தெரிந்துவிடும். அருந்தி முடித்த கோப்பையைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலையில் முகர்ந்து பார்ப்பது இரண்டாவது. நேர்மையான பிளாங்கோவின் கோப்பையில் அப்போதும் வெந்த அகாவே மணக்கும். ஒற்றைப் புட்டியைத் தனியே வைத்துச் சுவைப்பதைவிட, ஒரு மிக்ஸ்டோவையும் ஒரு 100% அகாவேயையும் பெயர் தெரியாதபடி அருகருகே வைத்துச் சுவைப்பது விரைவில் கற்றுத்தரும்.

அரெட்டே பிளாங்கோ இந்த அளவுகோல்களில் எங்கே நிற்கிறது?

அரெட்டே, டெக்கீலா நகரில் உள்ள எல் யானோ ஆலையில் ஒரெந்தாய்ன் குடும்பத்தினர் தயாரிப்பது. சீட்டில் உள்ள குதிரை வெறும் அலங்காரம் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மெக்சிகோவின் ஹும்பெர்த்தோ மாரிலெஸ் குதிரையேற்றத் தாண்டுதலில் தங்கம் வென்றபோது அவரைச் சுமந்த ‘அரெத்தே’ என்னும் ஒற்றைக் கண் குதிரையின் பெயரே இதற்கு வைக்கப்பட்டிருக்கிறது.

அகாவே ஆட்டோகிளேவில் வேகவைக்கப்படுகிறது. மூலப்பொருள் 100% நீல அகாவே. புட்டி மிக எளியது. அதாவது, ஏற்கத்தக்கவை என்று மேலே சொன்ன இடங்களில்தான் செலவு குறைக்கப்பட்டிருக்கிறது. சுவையில் முதலில் வருவது பச்சை மூலிகையும் மிளகும். பின்னர் எலுமிச்சைத் தோல், அதன் அடியில் சற்று மண்ணும் உப்பும் கலந்த ஒரு சாயல். இனிப்பு குறைவு, வாயில் உணரும் கனமும் குறைவு. வழுவழுப்பான இனிய டெக்கீலாக்களுக்குப் பழகியவர்களுக்கு இது முதலில் கூர்மையாகத் தோன்றலாம். எனக்கு அந்தக் கூர்மையே இதன் பெருமையாகப் படுகிறது. இரண்டு மடங்கு விலையுள்ள செங்கல் அடுப்புப் பிளாங்கோக்களின் ஆழமும் நீண்ட பின்சுவையும் இதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிதானமாக அருந்த இது நல்லது, காக்டெய்லுக்கோ மிகச் சிறந்தது.

மேட்டுநில டெக்கீலா, பள்ளத்தாக்கு டெக்கீலா என்ற பிரிவு எவ்வளவு முக்கியம்?

ஹாலிஸ்கோ மாநிலத்தின் அரந்தாஸ், அதோதோனில்கோ போன்ற செம்மண் மேட்டுநிலப் பகுதிகளிலிருந்து வருபவை பூவும் பழமும் கலந்த இனிமை கொண்டவை என்றும், டெக்கீலா, அமதித்தான் நகரங்களைச் சுற்றிய எரிமலைப் பள்ளத்தாக்கிலிருந்து வருபவை மூலிகையும் மிளகும் மிகுந்தவை என்றும் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் ஓர் ஆலை வேறு பகுதியின் அகாவேயை வாங்கிப் பயன்படுத்துவது இயல்பு என்பதால், வேகவைத்த முறைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதி இதற்குப் போதும்.

எந்தக் காக்டெய்லில் கலந்தால் பிளாங்கோவின் தரம் தெரியும்?

டாமிஸ் மார்கரிட்டாவே சிறந்த சோதனை. சான் பிரான்சிஸ்கோவின் டாமிஸ் மெக்சிகன் உணவகத்தில் ஹூலியோ பெர்மெஹோ உருவாக்கிய இதில் ஆரஞ்சு மதுபானம் இல்லை. டெக்கீலா, எலுமிச்சைச் சாறு, அகாவே பாகு ஆகிய மூன்றே. நான் சொல்லும் அளவு: 60 மி.லி. டெக்கீலா, 30 மி.லி. சாறு, 15 மி.லி. பாகு. மறைக்க எதுவும் இல்லாததால் வெறுமையான டெக்கீலா இதில் எலுமிச்சைப் பானகமாகிவிடும். வழக்கமான மார்கரிட்டாவுக்குப் பன்னாட்டு மதுக்கலைஞர் சங்கம் தரும் அளவு 50 மி.லி. டெக்கீலா, 20 மி.லி. ஆரஞ்சு மதுபானம், 15 மி.லி. எலுமிச்சைச் சாறு.

தமிழ்நாட்டுச் சந்தைகளில் கிடைக்கும் சிறிய, மெல்லிய தோலுடைய எலுமிச்சையும் மெக்சிகோவில் டெக்கீலாவுக்குப் பிழியும் எலுமிச்சையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே பெரிய பச்சை எலுமிச்சைகளைத் தேடி அலைய வேண்டாம். நம்முடைய எலுமிச்சையைப் புதிதாகப் பிழிவதே பொருத்தம். புளிப்பு சற்று மிகும் என்பதால் சாற்றைக் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள்.

பலோமா இதைவிட எளியது. கோப்பையில் பனிக்கட்டி, 50 மி.லி. டெக்கீலா, சிறிது எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, மேலே கிரேப்ஃப்ரூட் சோடா. அது கிடைக்காத இடத்தில் பம்ப்ளிமாஸ் சாறும் வெறும் சோடாவும் அழகாகப் பொருந்தும். அந்தக் கசப்பு பிளாங்கோவின் மூலிகைச் சுவையை மேலெழுப்பும்.

டெக்கீலா நகரின் ‘லா கப்பீயா’ மதுக்கடையில் தோன் ஹாவியெர் தெல்காதோ கொரோனா புகழ்பெறச் செய்த பட்டாங்காவும் உண்டு: விளிம்பில் உப்பு தடவிய நீள் கோப்பையில் டெக்கீலா, எலுமிச்சை, கோலா, எலுமிச்சையை வெட்டிய கத்தியாலேயே கலக்குவது வழக்கம். கோலாவின் இனிப்பு பலவற்றை மூடிவிடும் என்பதால் இதைச் சோதனையாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அரெட்டே போன்ற மிளகுச் சுவையுள்ள பிளாங்கோ கோலாவுக்கு அடியிலும் தலைகாட்டும்.

உப்பும் எலுமிச்சையும் கட்டாயமா? உறைபெட்டியில் வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். உப்பும் புளிப்பும் நாவை மரத்துப்போகச் செய்யும். கடுங்குளிர் மணத்தை அடைத்துவிடும். குறையுள்ள டெக்கீலாவுக்கு இவை உதவும், நல்லதற்கு இடையூறு. துணைக்கு ஏதேனும் வேண்டுமானால் சாங்க்ரிட்டா என்னும் காரமும் புளிப்பும் கலந்த பழச்சாற்றைத் தனிக் கோப்பையில் வைத்து மாறி மாறி அருந்துவது மெக்சிகோ வழக்கம்.

நம் ஊர்க் கற்றாழையிலிருந்தா இது வருகிறது? புட்டிக்குள் புழு இருக்குமா?

சோற்றுக்கற்றாழைக்கும் அகாவேக்கும் தாவர உறவு நெருக்கமானதன்று. வேலிகளில் வளர்க்கப்படும் ஆனைக்கற்றாழை அகாவே இனத்தைச் சேர்ந்ததே. ஆனாலும் அதிலிருந்து வடிப்பது டெக்கீலா ஆகாது. நீல அகாவே என்னும் ஒரே வகையிலிருந்து, ஹாலிஸ்கோ முழுவதிலும் குவானஹுவாத்தோ, மிச்சோகான், நயாரித், தமவுலிப்பாஸ் ஆகிய மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் தயாராவதே அப்பெயருக்கு உரியது. இந்தப் புவிசார் பாதுகாப்பு 1974 முதல் நடைமுறையில் உள்ளது. புழு டெக்கீலாவில் இருப்பதில்லை. அது மெஸ்கால் என்னும் மற்றொரு அகாவே மதுவின் சில புட்டிகளில் காணும் வழக்கம்.

100% அகாவே என்றால் மறுநாள் தலைவலி வராதா?

வரும். அருந்திய சாராயத்தின் அளவும் உடலின் நீரிழப்புமே அதற்கு முதன்மையான காரணங்கள். 40 விழுக்காட்டு டெக்கீலா 60 மி.லி.யில் 24 மி.லி. தூய சாராயம் இருக்கிறது. அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதைக் கல்லீரல் கேட்பதில்லை. வடித்த மதுவில் சர்க்கரை அநேகமாக இல்லை என்பதை வைத்து அதை உடலுக்கு நல்லதென்று விற்பதும் தவறு. சுவைத்து மதிப்பிடுவதற்கு 30 மி.லி.யே தாராளம்.

இந்தியாவில் வாங்கும்போது இந்த விலைக் கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. இறக்குமதி மதுவின் மீதான உயர்ந்த சுங்க வரியும் அதன்மேல் மாநில வரியும் சேர்ந்து, அமெரிக்காவில் மலிவான புட்டியையும் இங்கே ஆடம்பரப் பொருளாக்கிவிடுகின்றன. ஆகவே ரூபாய் விலையை வைத்துத் தரத்தை ஊகிக்காமல், ‘100% அகாவே’ என்ற சொற்களையும் நோம் எண்ணையும் வைத்தே தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் விமான நிலையத்தின் வரியற்ற கடையில் வாங்கினால், பளபளப்பான புட்டிகளுக்குப் பக்கத்தில் கீழ்த்தட்டில் இருக்கும் எளிய பிளாங்கோக்களின் சீட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

திறந்த புட்டி எவ்வளவு காலம் நன்றாக இருக்கும்?

டெக்கீலா புட்டிக்குள் முதிர்வதில்லை; திறக்காத புட்டி பல ஆண்டுகள் மாறாமல் இருக்கும். திறந்தபின் காற்றுப் பட்டு எலுமிச்சையும் பூவும் போன்ற மெல்லிய மணங்கள் முதலில் மங்கும். பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் ஓராண்டு வரை கவலையில்லை. கால்பங்குக்குக் குறைந்துவிட்டால் சிறிய புட்டிக்கு மாற்றி, வெயில் படாத இடத்தில் நிறுத்திவைத்து, சில மாதங்களுக்குள் பலோமாவுக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவது நல்லது.